அவர் வாங்கிய கடனும் என் கையெழுத்தும்

கணவர் இறந்துவிட்டால் அவர் வாங்கிய கடனை மனைவிதான் அடைக்க வேண்டும் என்று நம் ஊரில் கடன் கொடுத்தவர்களும் நம்புகிறார்கள், உறவினர்களும் நம்புகிறார்கள். எல்லோரையும்விட அந்த மனைவியே அதிகமாக நம்புகிறாள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அடைக்கப்பட வேண்டும் என்றும், அந்தச் சொத்து வாரிசுகளின் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்கே அவர்களுக்குப் பொறுப்பு என்றும் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் தன் 50, 52-ஆம் பிரிவுகளில் தெளிவாக வகுத்திருக்கிறது. மனைவியின் சம்பளமும், பிறந்த வீட்டில் அவளுக்குப் போட்ட நகையும், அவள் சம்பாத்தியத்தில் அவள் பெயருக்கு வாங்கிய நிலமும் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவளே கையெழுத்துப் போட்டு அவற்றை உள்ளே கொண்டுவந்தால்தான் வரும். அந்தக் கையெழுத்தை எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பதைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

என் கணவர் 2023-இல் மாரடைப்பால் இறந்தார். கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. நான் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள், மகன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான், என் மாமியாரும் எங்களுடனேயே இருந்தார். வீட்டுக் கடன், இயந்திரக் கடன், நகைக் கடன், ஓடிக்கொண்டிருந்த சீட்டு, நான்கைந்து பேரிடம் கைமாற்று என்று எல்லாமே இருந்தன. சிறு தொழில் செய்பவரின் வீட்டில் இது வழக்கத்துக்கு மாறான பட்டியல் அல்ல.

காரியம் முடிந்த அன்று மாலையே, அவருக்கு வட்டிக்குக் கொடுத்திருந்த ஒருவர் வந்தார். துக்கம் விசாரித்தார், காபி குடித்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு புரோநோட்டை எடுத்தார். தொகை, வட்டி, தேதி எல்லாம் நீல மையில் முன்கூட்டியே எழுதப்பட்டு, ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்டப்பட்டிருந்தது. பெயரும் கையெழுத்தும் மட்டும்தான் பாக்கி. "சார் எழுதின நோட்டு பழசாயிருச்சுங்க டீச்சர், உங்க பேர்ல ஒண்ணு மாத்தி எழுதிக்கலாம், சும்மா ஒரு இதுக்குத்தானுங்க" என்றார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா மகன் அப்போது வீட்டில் இருந்தார். அவர் குரலை உயர்த்தாமல், "பழைய நோட்டோட ஜெராக்ஸ் ஒண்ணு கொடுங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். ஜெராக்ஸ் வந்தபோதுதான் அவசரத்தின் காரணம் விளங்கியது. பழைய நோட்டின் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. அந்தக் கெடு முடிந்தால் அதை வைத்து வழக்குப் போட முடியாது. அதோடு, புதிய நோட்டில் எழுதியிருந்த அசல், பழைய அசலும் அதுவரையிலான வட்டியும் சேர்ந்த தொகை.

அந்த ஒரு கையெழுத்து என்னென்ன செய்திருக்கும் என்பதை அண்ணன் பிறகு நிதானமாக விளக்கினார். என் கணவருடைய கடன் தீர்ந்து, அதே இடத்தில் என்னுடைய கடன் ஒன்று பிறந்திருக்கும். அதுவரை அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவோடு நின்றிருந்த பொறுப்பு, என் சம்பளத்தின் மீதும் என் பெயரிலுள்ள எல்லாவற்றின் மீதும் ஏறியிருக்கும். வட்டியை அசலாக்கியதையும் நான் ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். புதிய நோட்டு எழுதாமல், பழைய நோட்டின் பின்புறம் "இன்று வட்டிக்காக ரூபாய் இவ்வளவு செலுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும், கெடு முடிவதற்குள் அது நடந்திருந்தால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். கெடு முடிந்துபோன கடனைக்கூட, தருகிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் அது மறுபடி செல்லுபடியாகும். எனவே துக்க வீட்டில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், அது ரசீது என்று சொன்னாலும், கையெழுத்துப் போடாமல் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்வதே முதல் வேலை. வாட்ஸ்அப்பில் "கொஞ்சம் பொறுங்கள், எப்படியும் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதுவதையும் தவிர்த்துவிடலாம். அதுவும் ஒருநாள் சாட்சியமாக முன்னால் வந்து நிற்கும்.

கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற வழி சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நோட்டுக்குரிய நியாயமான தொகையைப் பிறகு என் கணவருடைய சொத்திலிருந்தே கொடுத்தோம். கொடுப்பதா வேண்டாமா என்பது என் கேள்வியாக இருந்ததே இல்லை. எதிலிருந்து கொடுப்பது, எந்த வரிசையில் கொடுப்பது, எந்த ஆதாரத்தைப் பார்த்துக் கொடுப்பது என்பவைதான் கேள்விகள்.

முதலில் என்ன இருக்கிறது, என்ன கொடுக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். அவருக்குக் கணக்கு எழுதும் பழக்கம் இருந்தது, ஆனால் தனக்கு மட்டும் புரியும்படி எழுதுவார். பட்டறை மேசையில் கிடந்த நீள நோட்டில் "செ.மு. 50, தை" என்று ஒரு வரி இருந்தது. செ.மு. என்பவருக்கு ஐம்பதாயிரம் கொடுக்க வேண்டுமா, அவரிடமிருந்து வர வேண்டுமா என்பதைக் கண்டுபிடிக்கவே நாள் ஆனது. வர வேண்டியதுதான் என்று கடைசியில் தெரிந்தது. நோட்டைவிட உதவியாக இருந்தது வங்கிப் பாஸ்புக். கடந்த ஓராண்டுக்கான வரிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போயிருக்கும் இடமெல்லாம் ஒரு கடன் அல்லது ஒரு காப்பீடு. மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்த வரியைக் கண்டபோதுதான், அவர் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அதன் காப்புத் தொகை 2 லட்சம் ரூபாய். அவர் அதை வீட்டில் சொன்னதே இல்லை. வங்கியும் தானாக அழைத்துச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பாஸ்புக்கிலும் 436 அல்லது 20 என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இதில் 20 ரூபாய் என்பது விபத்துக் காப்பீட்டுக்கானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், வீட்டின் மீது வங்கிக் கடன் தவிர வேறு அடமானம் எதுவும் இல்லை என்பதும் உறுதியானது.

இறப்புச் சான்றிதழும் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றும் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சே தொடங்காது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அசல் பிரதிகள் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு கடன்களைப் பிரித்தோம். வீட்டுக் கடனில் நானும் இணைக் கடன்தாரர். எனவே அது அவருடைய கடன் மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் நானும் பொறுப்பு. இயந்திரக் கடனுக்கு நான் ஜாமீன் போட்டிருக்கிறேனா என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வியாக இருந்தது, ஏனென்றால் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதே எங்கள் வீட்டில் வழக்கமாக இருந்தது. எத்தனை வீடுகளில் இதுதான் நிலைமை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வங்கிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, கடன் ஆவணங்களின் நகல் முழுவதையும் கேட்டு வாங்கினேன். ஜாமீன் போட்டிருந்தவர் அவருடைய தம்பி, நானல்ல. கிரெடிட் கார்டு நிலுவை அவர் பெயரில் மட்டும் இருந்தது. அதற்கு வங்கி அவருடைய சொத்திலிருந்துதான் கேட்க முடியும்.

வீட்டுக் கடனில் ஒரு நல்ல செய்தி காத்திருந்தது. கடன் வழங்கியபோதே ஒரு காப்பீட்டுப் பிரீமியத்தையும் கடன் தொகையோடு சேர்த்திருந்தார்கள். அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியாக அது இருந்தது. கடன் வாங்கியவர் இறந்தால் நிலுவையைக் காப்பீட்டு நிறுவனம் வங்கிக்குச் செலுத்தும் வகைப் பாலிசி அது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை ஆண்டுதோறும் ஓர் அட்டவணைப்படி குறைந்துகொண்டே வரும்; உண்மையான நிலுவை அதைவிடக் கூடுதலாக இருந்தால், மீதியை நாம்தான் கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், உரிமைகோரல் முடியும்வரை தவணையை நிறுத்தக் கூடாது. 90 நாள் கட்டாமல் விட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டின் மீது கைவைக்கலாம். எனவே என் சம்பளத்திலிருந்து நான் தொடர்ந்து கட்டிய ஒரே கடன் அதுதான். மகளிர் குழுக்கள் மூலம் நுண்கடன் வாங்கியிருக்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அத்தகைய கடன்களில் பலவற்றில் கணவரின் உயிருக்கும் சேர்த்தே காப்பீடு இருக்கும். மனைவி பெயரில் உள்ள கடன்தானே என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நகைக் கடன் விஷயத்தில் உறவினர்களுடன் எனக்கு வாக்குவாதமே நடந்தது. என் நகை, பன்னிரண்டு பவுன், அவர் பெயரில் வங்கியில் அடகில் இருந்தது. சத்தம் போடும் கைமாற்றுக்காரர்களை முதலில் தீர்த்துவிட்டு நகையைப் பிறகு மீட்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் கணக்கு வேறாக இருந்தது. அடகு வைத்த காலத்திலிருந்து பவுன் விலை ஏறியிருந்தது. வாங்கிய கடனைவிட நகையின் மதிப்பு வெகு அதிகம். தவணை தப்பினால் அது ஏலத்துக்குப் போகும், ஏல நோட்டீஸும் இறந்தவர் பெயருக்கே வரும். சீதனம் பெண்ணின் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது என்றாலும், நானே கொடுத்து அவர் அடகு வைத்த நகையை, கடனைக் கட்டாமல் வங்கி திருப்பித் தராது. வாரிசுச் சான்றையும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் கொடுத்து, முதல் வேலையாக அதை மீட்டேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

அவருடைய சொத்து என்று கணக்கில் வராமலேயே குடும்பத்துக்கு வரும் பணம் சில உண்டு. பட்டறை தொடங்குவதற்கு முன் அவர் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அந்த வருங்கால வைப்புநிதி எடுக்கப்படாமல் இருந்தது. அந்த நிதி நாமினிக்குச் சேரும்போது இறந்தவரின் கடனுக்கோ நாமினியின் பழைய கடனுக்கோ அதைப் பிடிக்க முடியாது என்று வைப்புநிதிச் சட்டமே பாதுகாப்பு அளிக்கிறது. பத்தாண்டுச் சேவை இருந்ததால் விதவை ஓய்வூதியமும் உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் அது எந்தக் கடன்காரருடையதும் அல்ல.

ஆயுள் காப்பீட்டில் அவருக்கு இரண்டு பாலிசிகள் இருந்தன. இரண்டாவதை இயந்திரக் கடனுக்கு ஈடாக வங்கிக்கு ஒப்படைத்திருந்தார். வங்கி தன் நிலுவைக்கு எடுத்துக்கொண்டதுபோக மீதிதான் எங்களுக்கு வந்தது. முதலாவதை, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்னையும் பிள்ளைகளையும் பயனாளிகளாகக் குறிப்பிட்டு எடுத்திருந்தார். யார் சொல்லி அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த முகவருக்கு என் நன்றி. அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அத்தகைய பாலிசி மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளையாகவே கருதப்படுகிறது. கணவரின் கட்டுப்பாட்டுக்கோ அவருக்குக் கடன் கொடுத்தவர்களின் கோரிக்கைக்கோ அது உட்படாது. இந்துக்கள், முஸ்லிம்கள் எடுக்கும் பாலிசிகளுக்கு இந்தப் பாதுகாப்பு நாட்டின் பிற பகுதிகளில் 1923-இலிருந்துதான் பொருந்தும். சென்னை மாகாணத்தில் மட்டும் 1913-ஆம் ஆண்டு முடிந்ததிலிருந்தே பொருந்தும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. நூறாண்டுக்கு மேலாக நம் கையில் இருக்கும் ஓர் ஏற்பாட்டை இவ்வளவு குறைவானவர்களே பயன்படுத்துவது எனக்கு வியப்பாக இருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும். தொழில் செய்யும் கணவர் வீட்டில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்த பாலிசிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

நாமினி என்ற பெயரைக் கண்டு மயங்கவும் கூடாது, பயப்படவும் கூடாது. அவருடைய பழைய வைப்புத்தொகை ஒன்றில் திருமணத்துக்கு முன் எழுதிய நாமினியாக மாமியார் பெயரே இருந்தது. வங்கி பணத்தை நாமினியிடம் கொடுத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும். அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை வாரிசுரிமைச் சட்டமே தீர்மானிக்கும். பங்குகளின் நாமினி விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதையே உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் அந்தத் தொகைக்கு அவர்களே உரிமையாளர்கள். எங்களைப் பொறுத்தவரை மாமியாரும் முதல் வகுப்பு வாரிசுதான். இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் நால்வருக்கும் சம பங்கு. எங்கள் வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால், பாதி ஏற்கெனவே என்னுடையது. அவருடைய பாதி மட்டுமே நான்காகப் பிரியும், வீட்டுக் கடன் தவிர அவருடைய மற்றக் கடன்களுக்கு உட்படுவதும் அந்தப் பாதி மட்டுமே. இதை மாமியாரிடம் நான் ஒளிக்கவில்லை. "அத்தை, இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது, எதைச் செய்தாலும் உங்களைக் கேட்டுத்தான் செய்வேன்" என்று முதலிலேயே சொன்னதால், பிறகு யாரும் அவர் காதில் வேறு கதை ஓத முடியவில்லை. முஸ்லிம் குடும்பங்களில் இந்தப் பங்கீடு வேறு. அங்கே கொடுக்கப்படாத மஹர் (மணக்கொடை), கணவர் மனைவிக்குப் பட்ட கடனாகவே கருதப்படுவதால், வாரிசுகளுக்குப் பிரிப்பதற்கு முன் அந்தப் பெண்ணும் ஒரு கடன்காரராக நின்று கேட்கலாம்.

அவருடைய ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் எனக்குத் தெரியும். செலவுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுக்கவில்லை. கணக்குதாரர் இறந்த பிறகு அந்த அட்டையைப் பயன்படுத்த யாருக்கும் உரிமையில்லை; அதோடு, இறந்தவரின் சொத்தில் தானாகக் கைவைத்தவரையும் சட்டப் பிரதிநிதியாகக் கருத வழியிருப்பதால், நாளை கணக்குக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நான் செய்தது, இதற்கென்றே ஒரு தனிச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கியது. அவருடைய சொத்திலிருந்து வந்த ஒவ்வொரு ரூபாயும் அதற்குள் வந்தது. அவருடைய கடனுக்குப் போன ஒவ்வொரு ரூபாயும் அதிலிருந்து போனது. என் சம்பளக் கணக்கோடு அது கலக்கவே இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் பின்பாதி இதைத்தான் கேட்கிறது: கைக்கு வந்த சொத்தை முறையாகச் செலவிட்டோம் என்று வாரிசால் நீதிமன்றத்தில் காட்ட முடியாவிட்டால், அந்த அளவுக்கு அவருடைய சொந்தச் சொத்தின் மீதே தீர்ப்பை நிறைவேற்றலாம். எனவே ரசீதுதான் பாதுகாப்பு.

எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவருக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வகுத்த முறைப்படி, ஈமச் செலவும் நிர்வாகச் செலவும் முதலில். பிறகு இறப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் அவரிடம் வேலை செய்தவர்களின் கூலி. அதன்பின் மற்றக் கடன்கள் எல்லாம் விகிதப்படி சமமாக. ஈடு வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த ஈட்டின் மீது தனி உரிமை உண்டு. மற்றபடி, வாசலில் வந்து சத்தம் போடுபவருக்கு முன்னுரிமை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பட்டறையில் வேலை செய்த நால்வரின் கூலியை நான் முதலில் கொடுத்தது சட்டத்துக்காக அல்ல என்றாலும், சட்டமும் அதையே சொல்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

பட்டறையை நடத்துவதா மூடுவதா என்ற கேள்விக்கு உணர்ச்சிவசப்பட்டு விடை தேடக் கூடாது. இறந்தவரின் தொழிலை வாரிசு தொடர்ந்து நடத்தினால், அவர் வைத்துவிட்டுப்போன ஜிஎஸ்டி பாக்கி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் அந்த வாரிசே பொறுப்பு. தொழிலை நிறுத்திவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்து தாங்கும் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. வருமான வரியிலும் வாரிசின் பொறுப்பு சொத்தின் அளவோடு நின்றுவிடுகிறது. மைத்துனர் "நான் பார்த்துக்கறேன் அண்ணி, அண்ணன் பேரு நிக்கட்டும்" என்று மனதாரத்தான் சொன்னார். நடத்துவதென்றால் அவர் தன் பெயரில் புதிய பதிவு எடுத்து, இயந்திரங்களை விலைக்கு வாங்கி நடத்தட்டும் என்று சொன்னேன். கடைசியில் இரண்டு லேத்துகளையும் வங்கியின் எழுத்து மூலமான சம்மதத்தோடு வெளியாருக்கு விற்று, அந்தப் பணத்தை இயந்திரக் கடனில் கட்டினோம். அவர் கட்டிவந்து இன்னும் எடுக்காத சீட்டு ஒன்றும் இருந்தது. கட்டிய தவணைகள் நமக்கு வர வேண்டிய பணம் என்பதை மறந்துவிடக் கூடாது. பில் பாக்கி வைத்திருந்த கம்பெனிகளில் பெரும்பாலானவை வாரிசுச் சான்றைப் பார்த்ததும் காசோலை கொடுத்துவிட்டன. மறுப்பவர்கள் மீது வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்க வேண்டுமானால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று அதற்குப் போதாது.

மிரட்டல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "சார் கொடுத்த செக் இருக்கு, செக் கேஸ் போட்டா நீங்க கோர்ட்டுக்கு நடக்கணும்" என்றார் ஒருவர். காசோலை வழக்கு கையெழுத்திட்டவர் மீதுதான். அவர் இறந்த பிறகு அந்தக் குற்ற வழக்கை வாரிசுகள் மீது தொடுக்க முடியாது. உரிமையியல் வழக்குப் போடட்டும், அதற்குச் சொத்தின் அளவுக்குப் பதில் சொல்வோம். வங்கிகளின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பதும், துக்க நேரத்தில் அழைப்பதையும் நேரில் வருவதையும் தவிர்க்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்கள் வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது, குடும்பத்தினரை மிரட்டுவதும் அதில் அடங்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, அவர்களுடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தரும். தொலைபேசி எண் 15100.

என் மகனைப் பிடித்து, "அப்பா கடனை மகன் அடைக்கிறதுதானே தர்மம்" என்று ஒருவர் பேசினார். அந்தப் பழைய இந்துச் சட்டக் கொள்கையை மட்டும் காரணமாகக் காட்டி மகன்மீது நடவடிக்கை எடுப்பதை, 2005-ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தம், அதன்பின் வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை நிறுத்திவிட்டது. இன்னொருவர், அவர் பெயரிலிருந்த மனையைக் கடனுக்கு ஈடாக உடனே தன் பெயருக்கு எழுதித் தரக் கேட்டார். அதில் மகனுக்கும் பங்கு உண்டு, அவனுக்கு அப்போது பதினெட்டு வயது ஆகவில்லை. மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றித் தாய்கூட விற்க முடியாது என்று சொன்னதும் அவர் வேகம் தணிந்தது. எதிர்ப்புறமாகவும் ஓர் யோசனை வந்தது: எல்லாவற்றையும் மைத்துனர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டால் யாரும் தொட முடியாதாம். கடன்காரர்களுக்குச் சேர வேண்டியதைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு செய்த மாற்றத்தை அவர்கள் வழக்குப் போட்டுச் செல்லாததாக்கலாம். அதைவிட, நம் பிள்ளைகளின் சொத்து வேறொருவர் பெயரில் போய்ச் சேர்ந்துவிடும். திரும்ப வாங்க இன்னொரு வழக்கு. சொத்தைக் காப்பது என்பது ஒளிப்பது அல்ல என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மனையை மகன் மேஜரான பிறகு, நால்வரும் கையெழுத்திட்டு, சந்தை விலைக்கு விற்று, மீதியிருந்த கைமாற்றுகளை விகிதப்படி தீர்த்தோம். ஒவ்வொருவரிடமும் பழைய நோட்டின் அசலை வாங்கி, "முழுவதும் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் பெற்ற பிறகே காசோலையைக் கொடுத்தேன்.

கடன் முடிந்ததோடு வேலை முடிவதில்லை. வீட்டுக் கடனில் காப்பீட்டுத் தொகை போக இருந்த மீதியைக் கட்டியதும், நிலுவையில்லாச் சான்று மட்டும் கொடுத்துப் பத்திரங்களைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன் வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் ஒப்படைப்பதற்கான நடைமுறையையும் வங்கி வகுத்து வைத்திருக்க வேண்டும். இதை எழுத்தில் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்த பிறகு பத்திரங்கள் வந்துசேர்ந்தன. வீட்டை ஈடுகாட்டிப் பதிவு செய்திருந்த ஆவணத்துக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீதையும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் என்றென்றும் உயிரோடு நிற்கும். அதையும் முடித்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, கோப்பில் சேர்த்துவிட்டேன். வர வேண்டியதில் ஒரே ஒரு கம்பெனியின் பாக்கி மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது. வாய்தாவுக்கு இப்போது மகள் போய்வருகிறாள்.